நாரைத்தீவுக்குச் செல்வோர் கவனத்துக்கு

குணா அந்தத் தாளைக் கட்டிங் டேபிளில், அறுபது அடுக்காக விரித்திருந்த துணியின் மேலேயே கொண்டுவந்து வைத்தான். வெறும் தாள் இல்லை. முன்னும் பின்னும் அச்சடித்து, பிளாஸ்டிக் ஒட்டி, மூலைகளை வளைத்து வெட்டி, பர்சில் வைக்கும் சாமி படம் போலச் செய்து வைத்திருந்தான். 'நாரைத்தீவுக்குச் செல்வோர் கவனத்துக்கு' என்று தலைப்பு. கீழே பதினேழு குறிப்புகள். ஆரோக்கியராஜ் மிஷினை நிறுத்தி, கையில் மாட்டியிருந்த இரும்பு வலையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தான். படிக்கப் படிக்க வந்தது சிரிப்பா எரிச்சலா என்று அவனுக்கே பிடிபடவில்லை. முதலாளி மகன் எதிரே நிற்கும்போது இரண்டையும் காட்ட முடியாது. நல்லா இருக்கு தம்பி என்று மட்டும் சொல்லிவைத்தான்.

நன்றாக எங்கே இருந்தது? தொப்பி அணியவும், வெயிலுக்கான களிம்பு பூசவும், தடித்த அடியுள்ள காலணி போடவும். இதைச் சொல்ல ஒரு எம்.பி.ஏ. படிப்பு. ஒன்பதாவது குறிப்பு, உள்ளூர் மக்களிடம் புன்னகையுடன் பழகவும் என்றது. ஆளே குடியில்லாத தீவில் யாரைப் பார்த்துப் புன்னகைப்பது, நண்டையா? பதினான்காவதில் கரடியைக் கண்டால் முதுகைக் காட்டி ஓட வேண்டாம் என்றிருந்தது. எந்தத் தேசத்துத் தீவுக்கோ எவனோ எழுதியதை இன்டர்நெட்டில் பிடித்து, பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறான். ராமநாதபுரத்துக் கடலில் கரடி! பன்னிரண்டாவதுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். ஒரு மிட்டாய்த் தாளைக்கூடக் கடலில் போடக் கூடாதாம். வீரபாண்டியில் இவர்களுடைய சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடும் ஓடை திங்கட்கிழமை நீலமாகவும் செவ்வாய்க்கிழமை பச்சையாகவும் போகும். அதில் கால் நனைத்த மாட்டைப் பார்த்தாலே எந்த வெளிநாட்டு ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். அந்த வீட்டுப் பிள்ளை மிட்டாய்த் தாளுக்குக் கண்ணீர் விடுகிறான்.

வருடா வருடம் பொங்கல் லீவுக்கு முதலாளி தண்டாயுதபாணி குடும்பத்தோடு எங்காவது போவது வழக்கம். பழனி, திருச்செந்தூர், மிஞ்சினால் ஊட்டி. இந்த வருடம் குணா ஒற்றைக் காலில் நின்றான். கோயில் கோயிலாகப் போவது டூரா, உலகமே இயற்கையைப் பார்க்கப் போகிறது, மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தீவுக்குப் போவோம் என்றான். பக்கத்தில் ராமேஸ்வரம் இருப்பதால் முதலாளியும் தலையாட்டினார். கம்பெனி ஆடிட்டருக்குத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று போய், பத்துப் பேர் இறங்கிப் பார்க்க வனத்துறையின் அனுமதிக் கடிதமும் வாங்கியாகிவிட்டது. பத்தில் ஒன்பது சொந்தபந்தம். பத்தாவது பெயர் ஆரோக்கியராஜ், கட்டிங் மாஸ்டர், வழிகாட்டி. அந்தத் தீவுக்கு நேர் எதிர்க்கரைதான் அவன் பிறந்த ஊர் என்று என்றைக்கோ டீ நேரத்தில் சொன்னது முதலாளியின் நினைவில் இருந்திருக்கிறது.

அவன் இந்தப் பட்டியலில் சேர்ந்தது தீவைச் சுற்றிக் காட்டவா? யாரிடமும் சொல்லாத காரியம் ஒன்று இருந்தது. அந்தத் தீவின் வடக்கு முனையில் அவனுடைய அண்ணன் சவேரியான் புதைக்கப்பட்டிருக்கிறான். பதினெட்டு வருடமாகிறது. வள்ளம் கவிழ்ந்து, நான்கு நாள் கழித்து உடல் நாரைத்தீவில் ஒதுங்கியது. கரைக்குக் கொண்டுவரும் நிலையில் இல்லாததால் தேடிப் போனவர்கள் அங்கேயே குழி தோண்டி வைத்துவிட்டு வந்தார்கள். தேடிப் போன வள்ளங்கள் ஒன்றில் ஆரோக்கியராஜும் இருந்தான். உடல் கிடைத்துவிட்டது, நாரைத்தீவுக்கு வா என்று பக்கத்து வள்ளத்திலிருந்து கூவியபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். தன்னைக் கரையில் இறக்கிவிடச் சொன்னான். அடுத்த மாதமே திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான். கடலில் கால் வைப்பதில்லை என்று சபதமெல்லாம் எடுக்கவில்லை, வைக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது அண்ணன் செத்த வயதைத் தாண்டிப் பத்து வருடமும் ஓடிவிட்டது. அந்த இடத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்துவிட வேண்டும்.

போக விட்டால்தானே என்று இத்தனை வருடம் அவனுக்கு ஒரு பதில் இருந்தது. நல்ல பதில், யாரும் மறுக்க முடியாத பதில். தீவுகளைப் பூங்கா என்று அறிவித்து, ரோந்துப் படகு விட்டு, பாசி எடுக்கப் போன பெண்களைக்கூட விரட்டினார்கள். அண்ணன் பெண்சாதி பிலோமினம்மாள், அவன் மைனி, ஆரம்பத்தில் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் கம்பெனிக்குப் போன் போட்டுக் கூப்பிடுவாள். தம்பி, இந்த வருசமாவது வாங்க, அண்ணன் கல்லுல திரி கொளுத்திட்டு வருவோம் என்பாள். சட்டம் தெரியாமல் பேசாதீர்கள் மைனி, போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவான் என்று இவன் பாடம் எடுப்பான். காலில் ரப்பரைக் கட்டிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் பாசி பறிக்கிறவளுக்குத் தேசியப் பூங்கா என்றால் என்ன தெரியும் என்று உள்ளுக்குள் ஏளனமாக இருக்கும். பின்னால் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அப்பாடா என்று இருந்தது.

முதலாளியிடம் இதைச் சொல்லிவிட்டே போயிருக்கலாமே என்று கேட்கலாம். முதலாளி தைப்பூசத்துக்கு மாலை போட்டிருந்தார். பச்சை வேட்டி, கழுத்தில் மூன்று மாலை, காலில் செருப்பில்லை. மாலை போட்டவர் சாவு வீட்டுத் தெருவைக்கூட மிதிக்க மாட்டார். கம்பெனியில் வீரன் என்ற அயர்ன் மாஸ்டரின் தாய் இறந்த சேதி வந்தபோது, அந்தச் சேதியைக் காதில் வாங்கியதற்காகவே வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர். அவரிடம் போய், நீங்கள் போகிற தீவில் என் அண்ணன் கல்லறை இருக்கிறது என்று சொன்னால் டூர் ஊட்டிக்கு மாறிவிடும். ஆகவே ஆரோக்கியராஜ் குணாவின் தாளை எடுத்து, துணி ரோலுக்கு நம்பர் போடும் மார்க்கர் பேனாவால் பிளாஸ்டிக்கின் மேலேயே திருத்தினான். கரடியை அடித்தான். வடக்கு முனையில் முள் அதிகம், பாம்பும் உண்டு, அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று ஒன்றைச் சேர்த்தான். பதினெட்டாவது குறிப்பு. அதுவும் பொய்தான், ஆனால் கரடி அளவுக்குப் பொய் இல்லை.

உருப்படியான குறிப்புகளையும் வாயால் சொன்னான். தை மாதத்தில் வாடைக் காற்று அடிக்கும்போது தென்கடல் சும்மா கிடக்கும், போக அதுதான் சமயம். தீவில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு மூன்று பாட்டிலாவது வேண்டும். நிழல் கிடையாது. போன் எடுக்காது. கக்கூஸ் கிடையாது, பெண்கள் அதை முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் அதற்குக் கயிறு கட்டிக்கொள்வது நல்லது. தண்ணீருக்குள் தெரியும் பாரை, அதாவது பவளப் பாறையை, மிதிக்கவே கூடாது. மிதித்தால் அதுவும் சாகும், காலும் கிழியும். எல்லாவற்றுக்கும் மேலே, காலை ஆறு மணிக்குப் படகு கிளம்பிவிட வேண்டும். அன்றைக்குப் பத்து மணிக்கெல்லாம் கடல் வற்றிவிடும் என்று ஊர்ப் படகுக்காரரிடம் போனில் கேட்டு வைத்திருந்தான். தீவைச் சுற்றிப் பார் வளைத்துக் கிடக்கிறது, உள்ளே போக ஒரே ஒரு வாய்தான், வற்றினால் அதில் படகு ஏறாது. குணா எல்லாவற்றையும் தன் செல்போனில் டைப் செய்துகொண்டான். அவன் முகத்தில், இவனுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறதே என்ற வியப்பு இருந்தது. அந்த வியப்பை அவன் முகத்திலேயே அறைந்தால் என்ன என்று ஆரோக்கியராஜுக்குத் தோன்றியது.

டூருக்கென்று ஆளுக்கொரு டீ-ஷர்ட் வேறு. சிவப்பு. நெஞ்சில் ஆமைப் படம், ஆமைக்கடியில் இயற்கையைக் காப்போம் என்று எழுத்து. துணி எது தெரியுமா? சாயம் நிற்கவில்லை என்று வெளிநாட்டுப் பையர் திருப்பியடித்து, கோடவுனில் மூன்று மாதமாகக் கிடந்த ரோல். வெட்டியது ஆரோக்கியராஜ்தான். வெட்டும்போதே விரல் நுனியில் சிவப்பு ஒட்டியது. இது தண்ணீர் பட்டால் கரையும் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கரையட்டும், ஊரைத் திருத்தக் கிளம்பியவர்கள் உடம்பெல்லாம் சிவப்பாய் நிற்பதையும் பார்ப்போம் என்று கத்தியை ஓட்டினான்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் படகுத் துறையில் நின்றது ஆரோக்கியராஜும் படகுக்காரரும் மட்டும். கூடவே வனத்துறை வாட்சர் தவசி, காக்கிச் சட்டையும் கைலியுமாக. இவர்களோடு தீவுக்கு வந்து கண்காணிப்பது அவன் வேலை. லாட்ஜிலிருந்து மற்றவர்கள் வந்து சேர ஏழே முக்கால். முதலாளி சம்சாரம் சுப்புலட்சுமி லாட்ஜ் சமையற்கட்டில் நின்று சர்க்கரைப் பொங்கல் வைத்திருக்கிறாள். சாமிக்குப் படைக்காமல் கிளம்புவதா? தூக்குப்போசி, இட்லிப் பொட்டலம், ஊறுகாய், மடக்கு நாற்காலி இரண்டு, ஒரு குடை. தடித்த அடியுள்ள காலணியோடு குணாவும், காலில் ஒன்றுமில்லாமல் அவன் அப்பாவும். எல்லோரும் சிவப்பு டீ-ஷர்ட்டில், முதலாளி மட்டும் அதன்மேல் மாலைகளைப் போட்டு, கீழே பச்சை வேட்டியில் இருந்தார். ஆரோக்கியராஜ் சீக்கிரம் ஏறுங்கள் என்று கை நீட்டினான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராவுகாலத்துல தண்ணியில கால் வெக்கறதுங்களா மாஸ்டர்? ஒம்பது மணியாவட்டும். கடல் எங்க ஓடியா போவுது?"

"ஓடித்தான் போவும் மொதலாளி. பத்து மணிக்கெல்லாம் வத்திரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

முதலாளி சிரித்துவிட்டார். "வத்தறதுக்கு இதென்ன நம்ம நொய்யலுங்களா?"

சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குணாகூடச் சிரித்தான். நிலாவும் சூரியனும் சேர்ந்து இழுக்கிற சமுத்திரத்தை, ஏதோ சாமியார் போட்டுக் கொடுத்த ஒன்றரை மணி நேரத்துக்காகக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுகிறார்கள். இவர்களைக் கடலில் இறக்குவதற்குப் பதிலாகக் கொல்லைத் தொட்டியில் தண்ணீர் ரொப்பி இறக்கியிருக்கலாம். ஆரோக்கியராஜ் ஒதுங்கிப்போய்த் துறையோரப் பெட்டிக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டான். மெழுகுதிரியைத் திருப்பூரிலேயே வாங்கி, மறு பையில் வைத்திருந்தான். கட்டிங் டேபிள் விளிம்புக் கட்டை அளவுக்குத் தடிமனானது, நல்ல உருப்படி. துறையில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. படிக்கட்டில் ஈரக் கோடு ஒரு விரல், இரண்டு விரல் என்று கீழே போவதைப் பார்த்துக்கொண்டே ஒன்பது மணி வரை நின்றான்.

படகு கிளம்பியபோது மணி ஒன்பது பத்து. முதலாளி வடக்குப் பார்த்துக் கும்பிட்டு, தேங்காய் உடைத்து, ஒரு மூடியைக் கடலில் போட்டார். மிட்டாய்த் தாள்தான் கூடாது போலிருக்கிறது. நடுக்கடலில் குணாவின் சம்சாரம் கலைமகள் டால்ஃபின் வருமா என்று இரண்டு முறை கேட்டாள். சுப்புலட்சுமி மூன்று முறை வாந்தியெடுத்தாள். அதையும் கடலில்தான். குணா தன் தாளை உரக்க வாசித்துக்காட்டிக்கொண்டு வந்தான். வடக்கு முனைப் பாம்பு வந்தபோது எல்லோரும் ஆரோக்கியராஜைப் பார்த்தார்கள். அவன் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் ஒரு பச்சைக் கோடு, அப்புறம் அதனடியில் வெள்ளைக் கோடு. பதினெட்டு வருடத்துக்கு முன் இதே பச்சைக் கோட்டைப் பார்த்துத்தான் படுத்துவிட்டான். இப்போதும் படகைத் திருப்பச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சீச்சீ என்று தன்னையே அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பாரின் வாய்க்குள் படகு நுழைந்ததும் அடியில் கரகரவென்று உரசியது. படகுக்காரர் எஞ்சினை நிறுத்திப் பின்பக்கம் தூக்கினார். இன்னும் இரண்டு ஆள் நீளம் சறுக்கிப்போய், மணலில் சப்பென்று உட்கார்ந்துவிட்டது. கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. தாழம்புதர்கள் தெரிந்தன. மணலில் ஓடும் நண்டுகள்கூடத் தெரிந்தன. தண்ணீர் கண்ணாடி போல இருக்க, இரண்டு பக்கமும் பார் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மறுபடி தண்ணீர் ஏற மூன்று மணியாகும் என்றார் படகுக்காரர். அதைக் கேட்டு யாருக்கும் பெரிய துக்கம் வந்ததாகத் தெரியவில்லை. சுப்புலட்சுமி கண்ணைத் திறக்காமலேயே, எல்லாந்தான் இங்கிருந்தே தெரியுதே, பாத்தாச்சு, திரும்பிரலாமுங்க என்று முனகினாள். குணா தீவு பின்னால் தெரியும்படி கலைமகளை நிறுத்தி நான்கு படம் எடுத்தான். இறங்கியதற்கும் இறங்காததற்கும் போட்டோவில் வித்தியாசம் தெரியாது. முதலாளி, சரி, முருகன் உட்ட வழி, தள்ளித் திருப்புங்க என்று முடித்துவிட்டார். மூன்று மாதம் லெட்டருக்கு அலைந்து வாங்கிய அனுமதி மூன்றே நிமிடத்தில் முடிந்தது. இவர்களுக்கெல்லாம் தீவு எதற்கு, ஒரு காலண்டர் போதாதா?

இரண்டு பேர் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் படகுக்காரர். அவர் ஒரு பக்கம் குதித்தார். மறுபக்கம் குதிக்க ஆரோக்கியராஜைத் தவிர யாரும் எழவில்லை. மணல் மேடு படகின் நடுப்பகுதிக்கு அடியில் மட்டும்தான். இவன் குதித்த இடம் பள்ளம். நெஞ்சு வரைக்கும் தண்ணீர் வந்தது. பதினெட்டு வருடம் கழித்து அந்தக் குளிர் உடம்பில் ஏறியதும் ஒரு கணம் மூச்சு நின்று வந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினான். படகு அசைந்து, பின்வாங்கி, ஆழத்தில் மிதந்தது. நிமிர்ந்து பார்த்தபோது எல்லோரும் அவனையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனைச் சுற்றித் தண்ணீர் சிவப்பாக இருந்தது. நெஞ்சிலிருந்து புகை மாதிரிக் கிளம்பி, பாரின் கிளைகளுக்கு நடுவே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கீழே ஒரு மீன்குஞ்சுக் கூட்டம் அதற்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது.

"அண்ணே, அந்தச் சட்டையக் கழத்திப் படகுல போடுங்க. பாருக்கு ஆவாது" என்றான் தவசி. அதட்டவில்லை. அதுதான் சுருக்கென்று இருந்தது.

கழற்றி எறிந்தான். வெற்றுடம்போடு நின்றான். படகுக்காரர் ஏறியாகிவிட்டது. ஏறு என்று எல்லோரும் அவனுக்குக் கை நீட்டினார்கள். ஏறினால் அடுத்த அனுமதி இந்தப் பிறவியில் கிடையாது. ஏறாமல் நடந்தால் காரணம் சொல்ல வேண்டும். மாலை போட்ட மனிதரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன செய்வார், கடலில் முங்கிக் குளிப்பாரா, குளிக்கட்டுமே என்று ஒரு வீம்பு வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வீம்பைக் காணவில்லை, குரல்தான் உடைந்து வந்தது.

"மொதலாளி, அந்த முனையில எங்க அண்ணன் கெடக்காரு. கடல்ல செத்தவரு. இங்கனதான் பொதச்சாங்க. ஒரு திரி கொளுத்திட்டு வந்துர்றேன்."

சுப்புலட்சுமி கண்ணைத் திறந்தாள். தண்டாயுதபாணி கழுத்து மாலையைக் கையால் பிடித்தார். இதோ வரப்போகிறது என்று ஆரோக்கியராஜ் காத்திருந்தான். பதிலுக்குச் சொல்ல நான்கு வார்த்தைகளையும் எடுத்து வைத்திருந்தான்.

"எத்தன வருசமாச்சுங்க மாஸ்டர்?"

"பதினெட்டு."

"பதினெட்டு வருசமா வர்லீங்களா நீங்க?"

அவர் குத்திக் காட்டவில்லை. ஒரு மனிதன் அப்படி இருக்க முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எடுத்து வைத்திருந்த நான்கு வார்த்தைகளும் இந்தக் கேள்விக்கு ஆகவில்லை. சட்டம் மொதலாளி, யாரையும் விட மாட்டார்கள், போனால் கேஸ் என்று பழைய பதிலைத்தான் எடுத்தான். சொல்லிக்கொண்டே, சாட்சிக்குக் கூப்பிடுவதுபோலத் தவசியைத் திரும்பிப் பார்த்தான். தவசி துடுப்புக் கழியை மடியில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தான்.

"முள்ளுமில்ல, பாம்புமில்லண்ணே. கரையேறுனதும் வலது கைப் பக்கம் ஒரு தடம் போவும். அதப் புடிச்சுப் போங்க, நேரா அங்கதான் விடும்" என்றான். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "அந்த அம்மா வந்துபோற தடம்தான். பாசிக்கார அம்மா. வத்தம் பாத்து, வள்ளத்த வெளியவே விட்டுட்டு நடந்தே ஏறிரும். நாங்க பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்குவோம்."

குணா தன் பிளாஸ்டிக் தாளை மடக்கப் பார்த்து, அது மடங்காமல், இருக்கைக்கு அடியில் செருகினான். முதலாளி, போய்ட்டு வாங்க மாஸ்டர், நாங்க இருக்கறமுங்க என்றார். சொல்லிவிட்டு, மாலை போட்டவர் கல்லறைப் பக்கம் பார்க்கக் கூடாது என்பதாலோ என்னவோ, படகில் திரும்பி நடுக்கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தவசியும் படகுக்காரரும் மட்டும் இந்தப் பக்கம் இருந்தார்கள். எட்டொன்பது சிவப்பு முதுகுகள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களை வெறுக்க அப்போது அவனிடம் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. வெறுப்பு மட்டும் போகாமல் உடம்புக்குள்ளேயே திரும்பிச் சுற்றிக்கொண்டிருந்தது.

பாரை மிதிக்காமல் மணல் திட்டு பார்த்துக் கால் வைத்துப் போனான். அது மறக்கவில்லை. கரையேறியதும் வலது பக்கம் தடம் இருந்தது. அடம்பங்கொடியும் உமரியும் இரண்டு பக்கமும் மண்டியிருக்க, நடுவே ஒற்றை ஆள் நடக்கும் அகலத்துக்கு மணல் அழுந்திக் கிடந்தது. ஒரு முறை இரண்டு முறை நடந்தால் இப்படி அழுந்தாது. கல்லறைத் திருநாளுக்கு மட்டும் வருகிறவள் இல்லை. காற்றில் தடத்தின் ஓரங்கள் கொஞ்சம் உதிர்ந்திருந்தன. உள்ளே சில இடங்களில் மழைக்குப் பின் காய்ந்த கால் தடங்கள், ரப்பர் கட்டிய அடியின் மொழுக்கையான அச்சு. அதன் மேல் தன் காலை வைக்காமல் ஓரமாக நடந்தான். கொடி காலில் சிக்கியது. ஓரமாகவே நடந்தான்.

முனையில் ஒரு உடைமரம். அதனடியில் பவளப் பாறைக் கற்களை நீள்சதுரமாக அடுக்கி, நடுவில் மணல் மேவியிருந்தது. தலைமாட்டில் நட்டிருந்த பலகையில் வள்ளத்துக்கு அடிக்கும் நீலப் பெயின்டில் சவேரியான் என்று எழுதி, சிலுவை போட்டிருந்தது. பெயின்ட் இன்னும் மங்கவில்லை. பலகைக்கு முன்னே தட்டையான கல் ஒன்று. அதில் மெழுகு. எரிந்து வழிந்தது மேல் எரிந்து வழிந்து, வெயிலில் இளகி, மணலும் சருகும் ஒட்டி, கை மொத்தத்துக்கு ஏறிக் கிடந்தது. கல்லின் ஓரத்தில் வழிந்து தரையைத் தொட்டும் இருந்தது. அடியில் இருப்பது கறுத்தும், மேலே வரவரப் பழுப்பும் மஞ்சளுமாக, உச்சியில் வெள்ளையாகவும் இருந்தது. போன வருடங்களையெல்லாம் யாரோ தட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைத்த மாதிரி. ஆரோக்கியராஜ் முட்டி போட்டான். ஏதாவது ஜெபம் சொல்ல வேண்டும். அண்ணே என்று மட்டும் சொன்னான்.

பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்தான். தீப்பெட்டியை எடுத்தபோது அது கையிலேயே தொளதொளவென்று பிரிந்தது. நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றவனுக்கு அது தோன்றவே இல்லை. முதல் குச்சியை உரசினான். மருந்து சேறாகப் பெட்டியில் அப்பிக்கொண்டது. இரண்டாவதும் அப்படித்தான். கல்லில் உரசிப் பார்த்தான். குச்சிகளை வெயிலில் பரப்பிக் காயவைக்கலாமா என்று பார்த்தான். அதற்குள் கடல் பக்கமிருந்து படகுக்காரர் விசிலடித்தார்; தண்ணீர் இன்னும் வற்றினால் படகு நிற்கும் இடமும் தரைதட்டும்.

உச்சியில் இருந்த வெள்ளை மெழுகு வெயிலில் இளகியிருந்தது. விரலால் அழுத்தியதும் பள்ளம் விழுந்தது. அதில் மெழுகுதிரியின் அடியை வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, அழுத்தி நிறுத்தினான். நின்றது. மறுபடி விசில் கேட்டது. எழுந்து நான்கடி போய்த் திரும்பிப் பார்த்தான். எரிந்து எரிந்து கவிழ்ந்த அத்தனைக்கும் மேலே அது மட்டும் நிமிர்ந்து நின்றது. திரியின் நுனி வெள்ளையாகவே இருந்தது.